மீன்தொட்டியில் கோளாறா? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

மீன் நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. என்ன நோய்? இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது. 'விடிகாலையில் மட்டும்' என்று இரண்டு சொல் சேர்த்தால் ஒரு பதில் கிடைக்கும். 'தண்ணீர் மாற்றிய ஒரு மணி நேரத்தில்' என்றால் வேறு பதில். 'தொட்டி வைத்த ஒன்பதாம் நாள்' என்றால் மூன்றாவது பதில்.

மீனுக்குத் தெரிந்த முறையீடுகள் மிகக் குறைவு. மூச்சு வாங்கும், மூலையில் ஒதுங்கும், துடுப்பை உடம்போடு ஒடுக்கிக்கொள்ளும், தீனியைத் தள்ளிவிடும். காரணங்களோ ஏராளம். அதனால்தான் ஒவ்வோர் அறிகுறியிலும் நான் கேட்கும் முதல் கேள்வி 'எப்போதிலிருந்து?' என்பதே. அடுத்தது 'அதற்கு முந்தைய இரண்டு நாளில் தொட்டியில் எதை மாற்றினீர்கள்?' மருந்துப் புட்டியைத் திறப்பதற்கு முன் இந்த இரண்டுக்கும் பதில் இருக்க வேண்டும். என் அனுபவத்தில் நோய் என்று நினைத்தவற்றில் பெரும்பாலானவை தண்ணீரின் கோளாறாகவே முடிந்திருக்கின்றன.

கைவசம் வேண்டியவை நான்கு: மீன் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியா, நைட்ரைட், நைட்ரேட், தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் (எண் குறையக் குறைய அமிலம் கூடும்) ஆகியவற்றைச் சொட்டு விட்டுப் பார்க்கும் சோதனைப் பெட்டி, ஒரு வெப்பமானி, மீன்தொட்டிக்கு மட்டுமே புழங்கும் ஒரு வாளி, ஒரு நோட்டுப் புத்தகம். நோட்டில் தேதி, செய்த வேலை, கிடைத்த அளவு ஆகியவற்றை எழுதுங்கள். சோதனைப் பெட்டியில் ஒரு நுணுக்கம் உண்டு. நைட்ரேட்டுக்கான இரண்டாம் புட்டியின் அடியில் மருந்து படிந்து கிடக்கும். அரை நிமிடம் பலமாகக் குலுக்காவிட்டால் 80 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு) உள்ள தண்ணீர்கூட 5 என்று பொய் சொல்லும்.

மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்குகின்றன

பைட்டர், கௌராமி போன்றவற்றுக்குத் தலையில் காற்றை நேரடியாக உறிஞ்சும் உறுப்பு இருக்கிறது. அவை மேலே வந்து ஒரு வாய் காற்று எடுத்துக்கொண்டு இறங்குவது இயல்பு. அடியில் மேயும் குட்டிக் கெளுத்தியான கோரிடோரஸும் அவ்வப்போது அம்பு போல மேலே பாய்ந்து காற்று விழுங்கிவிட்டுத் திரும்பும். இவற்றைக் கண்டு பதற வேண்டாம். மற்ற மீன்கள் மேற்பரப்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தால் கீழே உள்ளதைப் படியுங்கள்.

விடிகாலையில் மட்டும் மூச்சு வாங்கி, பத்து மணிக்கெல்லாம் சரியாகிவிடுகிறதா? அது ஆக்சிஜன் பற்றாக்குறை. பகலில் ஆக்சிஜன் தரும் செடிகள் இரவில் மீன்களைப் போலவே அதை உட்கொள்கின்றன. இரவு முழுவதும் குறைந்துகொண்டே வந்து, விடியும் முன்புதான் தண்ணீரில் ஆக்சிஜன் அளவு அடிமட்டத்தைத் தொடும். வெப்பமும் இதில் கைகோத்துக்கொள்ளும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் ஏழரைதான். இரவில் ஏர் பம்பை ஓட விடுங்கள், அல்லது பில்டரின் வாயை உயர்த்தி நீர்ப்பரப்பு அலையும்படி வையுங்கள். குமிழ்களே ஆக்சிஜனைக் கரைத்துவிடுகின்றன என்று நினைக்கிறோம். அவை மேலெழும்போது நீர்ப்பரப்பைக் கலக்குவதில்தான் பெரும்பகுதி வேலை நடக்கிறது. மேற்பரப்பில் எண்ணெய் போல ஒரு படலம் படிந்திருந்தால் அதுவும் காற்றைத் தடுக்கும். ஒரு தாளைப் பரப்பில் படரவிட்டு எடுத்தால் படலம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

தண்ணீர் மாற்றிய ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கினால், சந்தேகப்பட வேண்டியது குளோரினை. அது செவுளின் மெல்லிய தோலை நேரடியாகச் சுட்டுவிடும். குழாய்த் தண்ணீரைத் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்தால் குளோரின் பறந்துவிடும். ஆனால் சில இடங்களில் குழாய் நீரில் குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமைன் கலக்கிறார்கள். அது ஒரு நாள் வைத்தாலும் போகாது. சோடியம் தயோசல்பேட் உள்ள குளோரின் நீக்கியை உடனே முழுத் தொட்டி அளவுக்குச் சேருங்கள், காற்றைக் கூட்டுங்கள். குளோரமைனைப் பிரிக்கும்போது கொஞ்சம் அமோனியா மிஞ்சும் என்பதால் மறுநாள் அமோனியாவைச் சோதிப்பது நல்லது.

நேரம் காலம் இல்லாமல் நாள் முழுவதும் மூச்சு வாங்கினால், ஏர் பம்ப் ஓடியும் தணியாவிட்டால், அமோனியாவோ நைட்ரைட்டோ ஏறியிருக்கிறது. செவுள் மூடி தூக்கும் நேரத்தில் உள்ளே உற்றுப் பாருங்கள். அமோனியாவில் செவுள் எரிந்து கன்றிச் சிவந்திருக்கும். நைட்ரைட்டில் ரத்தமே பழுப்பாகிவிடும், செவுளும் பழுப்பேறித் தெரியும். சுற்றிலும் ஆக்சிஜன் இருந்தும் ரத்தத்தால் அதைச் சுமக்க முடியாத நிலை அது. பாதித் தண்ணீரை அதே வெப்பநிலையில் உள்ள புதுத் தண்ணீரால் மாற்றுங்கள், தீனியை நிறுத்துங்கள். நைட்ரைட் என்று உறுதியானால் 10 லிட்டருக்கு 1 கிராம் சமையல் உப்பு, அயோடின் சேர்க்காததாக, கரைத்து ஊற்றுங்கள். உப்பிலுள்ள குளோரைடு செவுள் வாசலில் நைட்ரைட்டோடு முட்டி மோதி அதை உள்ளே விடாது. தெரிந்த வைத்தியங்களில் இவ்வளவு மலிவாகவும் இவ்வளவு வேகமாகவும் பலிப்பது வேறில்லை.

புதுத் தொட்டி, முதல் மாதத்திலேயே மீன்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன

புதிதாக வளர்ப்பவர்களை அழ வைப்பது இதுதான். பளிங்கு போன்ற தண்ணீர், புதுப் பில்டர், புது மீன். மூன்று நாள் துள்ளல், ஆறாம் நாள் சோர்வு, பத்தாம் நாள் முதல் சாவு. தண்ணீர் அப்போதும் பளிங்கு போலத்தான் இருக்கும், ஏனென்றால் அமோனியாவுக்கு நிறமில்லை.

நடப்பது இது. மீன் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றுகிறது, மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகி அதைக் கூட்டுகின்றன. அதைத் தின்று நைட்ரைட்டாக்கும் பாக்டீரியா ஒரு கூட்டம், நைட்ரைட்டைத் தின்று நைட்ரேட்டாக்கும் நைட்ரோஸ்பைரா போன்றவை இன்னொரு கூட்டம். இரண்டும் ஸ்பாஞ்சிலும் சரளைக் கற்களிலும் ஒட்டி வாழ்பவை. இரண்டும் மந்தமாகத்தான் பெருகும். முதல் கூட்டம் குடியேறிய பிறகே இரண்டாவதற்கு உணவு கிடைக்கும். ஆகவே முதலில் அமோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும், எல்லாம் அடங்க 4 முதல் 6 வாரம் ஆகும். குளிர்ந்த தண்ணீரில் இன்னும் தாமதம்.

மீன்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன என்றால் திருப்பிக் கொடுக்க முடிந்தவற்றைத் திருப்பிக் கொடுங்கள். மிச்சத்துக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள், அரை நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கு மட்டும் தீனி. தினமும் அமோனியாவையும் நைட்ரைட்டையும் சோதித்து, எது 0.5 பிபிஎம்மைத் தாண்டினாலும் அன்றே மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம். இந்த நாட்களில் பில்டரைத் தொடவே கூடாது. யாராவது நோயில்லாத பழைய தொட்டி வைத்திருந்தால், அவர்களிடம் ஓர் அழுக்கு ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் பில்டருக்குள் திணித்துவிடுங்கள். வாரக் கணக்கு நாள் கணக்காகச் சுருங்கும். பார்க்க அசிங்கமான அந்தப் பழுப்புப் பஞ்சுதான் உண்மையான பில்டர். கடையில் வாங்கிய வெள்ளைப் பஞ்சு, பாக்டீரியா இன்னும் குடியேறாத வெறும் வீடு.

மீன் இன்னும் வாங்கவில்லை என்றால் நீங்கள் பாக்கியசாலி. வாசனையோ சோப்போ சேராத அமோனியாவைத் தண்ணீரில் 2 பிபிஎம் அளவுக்குச் சேர்த்து, தொட்டியை ஓட விடுங்கள். சேர்த்த 24 மணி நேரத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு வரும் நாளில்தான் மீன் வாங்கப் புறப்பட வேண்டும். பொறுமைதான் கஷ்டம். காலித் தொட்டியை ஒரு மாதம் வேடிக்கை பார்ப்பதை வீட்டில் உள்ளவர்களுக்குப் புரியவைப்பது அதைவிடக் கஷ்டம்.

நன்றாக ஓடிய தொட்டி, பில்டர் கழுவிய மூன்றாம் நாள் எல்லாம் மந்தம்

இதை நானே செய்திருக்கிறேன். தொட்டி வைத்து எட்டு மாதம். ஒரு விடுமுறை நாளில் உற்சாகம் தலைக்கேறி ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிடித்து, பிழிந்து பிழிந்து, தண்ணீர் தெளியும்வரை அலசினேன். ஸ்பாஞ்ச் புதிது போல வெளுத்தது. பெருமையாக இருந்தது. மூன்றாம் நாள் காலை தொட்டி மோர் கலந்தது போல வெளிறியது. ஏஞ்சல் மீன் இரண்டும் துடுப்பைச் சுருட்டிக்கொண்டு ஹீட்டருக்குப் பின்னால் நின்றன. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் எட்டு மாதக் குடியிருப்பை ஐந்து நிமிடத்தில் காலி செய்துவிட்டது. ஏஞ்சலில் ஒன்று பிழைக்கவில்லை.

மருந்து ஏதும் தேவையில்லை. புதுத் தொட்டிக்குச் சொன்னதையே மறுபடி செய்ய வேண்டும்: தீனிக் குறைப்பு, தினச் சோதனை, தண்ணீர் மாற்றம். சரளையிலும் கண்ணாடியிலும் கொஞ்சம் பாக்டீரியா மிஞ்சியிருப்பதால் இம்முறை ஒன்றிரண்டு வாரத்தில் மீண்டுவிடும். இனிமேல் ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த ஒரு வாளித் தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்தால் போதும். தண்ணீர் ஓட்டம் குறைந்தால் மட்டும் கழுவுங்கள், நாட்காட்டி பார்த்துக் கழுவ வேண்டாம். அதே நாளில் சரளையையும் கிளறாதீர்கள்.

நீண்ட நேர மின்வெட்டும் இதே விளைவைத் தரும். தொட்டிக்கு வெளியே நிற்கும் மூடிய கேனிஸ்டர் பில்டருக்குள் ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்து உள்ளே அழுகத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அப்படியே ஓட விட்டால் அந்த அழுகல் முழுவதும் தொட்டிக்குள் கொட்டும். முதலில் பில்டரில் உள்ள தண்ணீரைக் கீழே கொட்டுங்கள், பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசுங்கள், பிறகு சுவிட்சைப் போடுங்கள்.

தண்ணீர் கலங்கலாக இருக்கிறது

நிறம்தான் இங்கே சாட்சி.

பால் போன்ற வெள்ளை, வைத்த முதல் சில வாரங்களில்: தண்ணீரில் மிதக்கும் பாக்டீரியாவின் திடீர்ப் பெருக்கம். தானாகத் தெளியும். தினமும் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருந்தால் தள்ளித்தான் போகும். அமோனியா இல்லாதவரை கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். சரளை போட்ட அன்றே கலங்கினால் அது வெறும் கல்தூசி, சரியாகக் கழுவவில்லை. பழைய தொட்டி திடீரென்று வெளுத்தால் எங்கோ ஒரு மீன் செத்துக் கிடக்கிறது அல்லது தீனி அதிகமாகிவிட்டது.

பச்சை: மிதக்கும் நுண்பாசி. எந்தப் பஞ்சிலும் சிக்காது. முதலில் பாதித் தண்ணீரை மாற்றி, பிறகு தொட்டியைக் கெட்டித் துணியால் மூன்று நான்கு நாள் முழுக்கப் போர்த்துங்கள். இடையில் திருட்டுத்தனமாக எட்டிப் பார்க்கக் கூடாது. ஏர் பம்ப் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஏனென்றால் சாகும் பாசி ஆக்சிஜனைத் தின்னும். துணியை எடுத்ததும் மறுபடி பாதித் தண்ணீர். இதற்குப் பிறகும் வெயில் நேரே விழும் ஜன்னலோரத்தில் தொட்டி இருந்தால் பச்சை திரும்பி வரும். தொட்டி இடம் மாற வேண்டும்.

தேநீர் நிறம்: மரக்கட்டையிலிருந்து இறங்கும் டானின் என்ற சாறு. கேடில்லை, டெட்ரா வகைகளுக்கு அது பிறந்த ஊர்த் தண்ணீர் போல. பிடிக்காவிட்டால் கட்டையை எடுத்து வேகவையுங்கள் அல்லது பில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் வையுங்கள். மருந்து போடும் நாட்களில் அந்தக் கார்பனை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மருந்தையும் அதுவே விழுங்கும்.

வருடக்கணக்கில் நன்றாக இருந்த தொட்டி, ஒரே தண்ணீர் மாற்றத்தில் மீன்கள் செத்தன

இதைக் கேட்பவர்கள் எப்போதும் குழாய்த் தண்ணீரைத்தான் சபிப்பார்கள். தண்ணீரில் விஷம் என்பார்கள். உண்மையில் விஷம் தொட்டியிலேயே பல மாதமாகக் காத்திருந்தது.

கதை மெதுவாக நடக்கிறது. ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக ஊற்றுவதோடு சரி, பழைய தண்ணீரை எடுத்துப் பல மாதம் ஆகிறது. அமோனியாவை நைட்ரேட்டாக்கும் வேலையில் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் அமிலம் உருவாகிறது. தண்ணீரில் உள்ள கார்பனேட் அந்த அமிலத்தைத் தாங்கித் தாங்கித் தீர்ந்துபோகிறது. அதற்குப் பிறகு பிஎச் சரசரவென்று சரிந்து 6க்கும் கீழே போகிறது. அந்த அமில நீரில் பாக்டீரியாவும் சோம்பிவிடுகிறது, அமோனியா சேர்கிறது. ஆனாலும் மீன்கள் சாகவில்லை, ஏன்? அமோனியாவுக்கு இரண்டு வடிவம் உண்டு. அமில நீரில் ஏறக்குறைய முழுவதும் தீங்கு குறைந்த அம்மோனியமாகவே இருக்கும். 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் நச்சு வடிவம் 0.6 சதவீதத்துக்கும் குறைவு, பிஎச் 8 என்றால் 5 சதவீதத்துக்கும் மேல். ஏறக்குறைய பத்து மடங்கு.

இப்போது ஒருநாள் மனம் மாறி, பாதித் தொட்டியைக் காலி செய்து பிஎச் 8 உள்ள புதுத் தண்ணீரை ஊற்றுகிறீர்கள். பிஎச் தாவுகிறது. சாதுவாகக் கிடந்த அம்மோனியம் சில நிமிடங்களில் நஞ்சாகிறது. நல்லது செய்யப்போய்க் கொன்றுவிட்டோம் என்ற வருத்தத்தில் பலர் தண்ணீர் மாற்றுவதையே அதன்பிறகு கைவிட்டுவிடுகிறார்கள். அதுதான் பெரிய கொடுமை.

உங்கள் தொட்டி அப்படிப்பட்டதா என்று தெரிந்துகொள்ள, தொட்டித் தண்ணீரின் பிஎச்சையும் ஒரு நாள் வைத்த குழாய்த் தண்ணீரின் பிஎச்சையும் ஒப்பிடுங்கள். ஒன்றுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், நைட்ரேட்டும் சோதனைப் பெட்டியின் கடைசி நிறத்தில் இருந்தால், அவசரமே கூடாது. தினமும் பத்தில் ஒரு பங்கு தண்ணீர், மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக, இரண்டு வாரம். பிறகு வாரம் 25 முதல் 30 சதவீதம் என்ற வழக்கத்துக்கு வந்துவிடலாம். நைட்ரேட் 40 பிபிஎம்முக்குக் கீழே, முடிந்தால் 20க்குக் கீழே நிற்க வேண்டும்.

இதே தொட்டிகளில்தான் இன்னொரு புதிரும் நடக்கும்: பழைய மீன்கள் நலமாக இருக்கும், புதிதாக விட்டவை மறுநாளே சாகும். பழையவை மெல்ல மெல்லப் பழகிக்கொண்டன, புதியவற்றுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. விற்றவரைக் குறை சொல்லும் முன் உங்கள் தண்ணீரைச் சோதியுங்கள்.

உடம்பில் வெள்ளைப் புள்ளிகள்

உப்புத் தூவியது போலப் புள்ளிகள், உடம்பைக் கல்லில் உரசும் பழக்கம். வெண்புள்ளி நோய். ஆனால் பொறுங்கள். ஆண் தங்கமீனுக்கு இனப்பெருக்க காலத்தில் செவுள் மூடியிலும் முன்பக்கத் துடுப்பின் ஓரத்திலும் வரிசையாக வெள்ளை மொட்டுகள் வரும். வேறெங்கும் புள்ளி இல்லை, உரசலும் இல்லை என்றால் அதற்கு மருந்து வேண்டாம், அது பருவம். உப்பைவிட நுண்ணியதாக, பக்கவாட்டில் டார்ச் அடித்தால் பொன்தூள் போல மின்னினால் அது வெல்வெட் என்ற வேறு ஒட்டுண்ணி. விளக்கை அணைத்து வைப்பது அதை ஒழிக்கக் கூடுதல் உதவி.

வெண்புள்ளியை உண்டாக்குவது ஒரு நுண்ணுயிர். அது மீனின் தோலுக்கடியில் இருக்கும்போது எந்த மருந்தும் அதைத் தொடாது. முதிர்ந்து கீழே விழுந்து, கூடு கட்டி, நூற்றுக்கணக்கில் பிரிந்து, அடுத்த மீனைத் தேடி நீந்தும் வேளையில் மட்டுமே சிக்கும். ஆகவே புள்ளி மறைந்தது என்றால் குணமாகிவிட்டது என்று பொருளில்லை, கீழே விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். மூன்றாம் நாள் மருந்தை நிறுத்தியவர்களுக்கு ஒரு வாரத்தில் இரட்டிப்பாகத் திரும்பி வருவது இதனால்தான்.

வெப்பத்தை ஒரு நாளைக்கு இரண்டு டிகிரி வீதம் 30 வரை உயர்த்துங்கள். அதன் வாழ்க்கைச் சுழற்சி விரைவாக ஓடும், சிக்கும் வேளை சீக்கிரம் வரும். சூட்டில் ஆக்சிஜன் குறையும் என்பதால் ஏர் பம்ப் கட்டாயம். லிட்டருக்கு 2 கிராம் உப்பை, வெளியே கரைத்து, இரண்டு நாளில் நான்கு தவணையாகச் சேருங்கள். லோச், கோரிடோரஸ் போன்றவையும் மென்மையான செடிகளும் உப்பைத் தாங்கா. அவை இருந்தால் மலாக்கைட் கிரீன் உள்ள மருந்து, சிட்டையில் சொன்னதில் பாதி அளவு. கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடருங்கள்.

மருந்தளவில் பலர் சறுக்குவது கணக்கில். 60, 30, 30 செ.மீ. தொட்டியின் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் 54 லிட்டர் வரும். சரளையையும் மேலே விட்ட இடைவெளியையும் கழித்தால் உண்மையில் உள்ளே இருப்பது 45 லிட்டருக்குப் பக்கம். 54க்குப் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு அதிகம். செம்பு சேர்ந்த மருந்து என்றால் நத்தையும் இறாலும் முழுசாகக் காலி.

வால் கிழிந்திருக்கிறது, வாயில் பஞ்சு போல இருக்கிறது

வால் ஓரம் சீராகப் பிளந்து, நிறம் மாறாமல் இருந்தால் இன்னொரு மீன் கடித்திருக்கிறது. அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பார்த்தால் குற்றவாளி தெரிந்துவிடும், பார்ப் மீன்கள்மேல் ஒரு கண் வையுங்கள். ஓரம் வெளுத்து அல்லது சிவந்து, நாளுக்கு நாள் உள்ளே அரித்துக்கொண்டு போனால் துடுப்பழுகல். தொடக்கத்தில் பிடித்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கால்வாசித் தண்ணீர் மாற்றுவதே போதும். அரிப்பு உடம்பை எட்டும்வரை காத்திருந்தவர்களுக்கு மட்டுமே பாக்டீரியாவுக்கான மருந்து, அதுவும் தனித் தொட்டியில்.

வாயைச் சுற்றி வெண்பஞ்சு, முதுகில் சேணம் போட்டது போல வெளிறிய பட்டை: பூஞ்சை என்றே எல்லாரும் நினைப்பார்கள். பெரும்பாலும் அது காலம்நாரிஸ் என்ற பாக்டீரியா. வெண்புள்ளிக்குச் சொன்னது போல வெப்பத்தை ஏற்றினால் இது காட்டுத்தீயாகப் பரவும். இங்கே வெப்பத்தைக் குறைக்க வேண்டும்.

வயிறு உப்பிவிட்டது, கவிழ்ந்து மிதக்கிறது

மேலேயிருந்து பாருங்கள். செதில்கள் பைன் காய் போல நிமிர்ந்து நிற்கின்றனவா? சிறுநீரகம் பழுதாகி உடம்பில் நீர் கோத்திருக்கிறது. தனியே பிரித்து வைத்து முயற்சி செய்யலாம், ஆனால் இந்தக் கட்டத்திலிருந்து மீள்பவை குறைவு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செதில் படிந்தே இருந்து, தங்கமீன் சாப்பிட்ட பிறகு கவிழ்ந்தால் அஜீரணமாக இருக்கலாம். இரண்டு நாள் பட்டினி, பிறகு தோல் உரித்து வேகவைத்த பட்டாணி. மிதக்கும் தீனியைவிட மூழ்கும் தீனி நல்லது. கப்பியின் வயிறு உப்பி, பின்பக்கம் கரும்புள்ளி பெரிதாகியிருந்தால் வாழ்த்துகள், நாலு வாரத்துக்கு ஒருமுறை இப்படித்தான்.

மீன் மெலிந்துகொண்டே போய் முதுகு வளைந்தால் மீன் காசநோயாக இருக்கலாம். அது கையில் உள்ள காயம் வழியாக மனிதருக்கும் தொற்றும். கையுறை போடுங்கள். சைபன் குழாயை வாயால் உறிஞ்சும் பழக்கத்தை அன்றோடு விட்டுவிடுங்கள்.

பாசி

புதுத் தொட்டியில் பழுப்புத் தூள், துடைத்தால் போகும்: டயட்டம் என்ற நுண்பாசி, சில மாதங்களில் தானாக ஓயும். கண்ணாடியில் பச்சை: வாரம் ஒருமுறை துடையுங்கள், வாழ்க்கையின் ஒரு பகுதி. விளக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரத்துக்கு மேல் எரிகிறதா என்று பாருங்கள், டைமர் ஒன்று வாங்குங்கள்.

நீலப்பச்சை நிறத்தில், போர்வை போல உரிந்து வந்து, துர்நாற்றம் அடிப்பது பாசியே கிடையாது, சயனோபாக்டீரியா. உறிஞ்சி எடுத்துவிட்டு மூன்று நாள் இருட்டு. பில்டரின் ஓட்டம் எட்டாத மூலையில்தான் அது முளைத்திருக்கும், அங்கே ஓட்டத்தைத் திருப்புங்கள். இலை விளிம்பில் கருந்தாடி போலத் தொங்குவது செம்பாசி இனம். சாராயத்தில் போட்டால் சிவப்பாகும், சந்தேகமிருந்தால் ஓர் இலையை நறுக்கிப் பாருங்கள். அந்த இலைகளை வெட்டி எறிவதைத் தவிர விரைவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பில்டர் இரைகிறது, ஹீட்டர் வேலை செய்கிறதா தெரியவில்லை, தரையில் தண்ணீர்

பில்டர் திடீரென்று கடகடத்தால் உள்ளே காற்று மாட்டியிருக்கும், சாய்த்துக் குலுக்கினால் வெளியேறும். கடகடப்பு நிற்காவிட்டால் சுழலியைக் கழற்றுங்கள். காந்தத் தண்டில் பாசி நூல் சுற்றியிருக்கும், அல்லது ஒரு குட்டிச் சரளை.

ஹீட்டரின் விளக்கை நம்பாமல் தனி வெப்பமானியை நம்புங்கள். சில ஹீட்டர்கள் கெடும்போது அணையாமல் ஓடிக்கொண்டே இருக்கும். லிட்டருக்கு ஒரு வாட் என்ற கணக்கில் வைத்தால் அப்படிச் சிக்கினாலும் மீன் வேகும் முன் கவனிக்க நேரம் கிடைக்கும். தண்ணீர் மாற்றும் முன் அதை அணைத்துக் கால் மணி நேரம் காத்திருங்கள், சூடாகக் காற்றில் நின்றால் கண்ணாடி வெடிக்கும்.

தரை ஈரமாக இருந்தால் தொட்டி ஒழுகுகிறது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். நள்ளிரவில் மின்சாரம் போயிருந்ததா என்று கேளுங்கள். ஏர் பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், நின்றவுடன் தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி ஏறி பம்புக்குள் புகுந்து வழியும். பம்பை மேலே தூக்கி வையுங்கள் அல்லது குழாயில் ஒருவழி வால்வு மாட்டுங்கள். மின்கம்பி செருகும் இடத்துக்கு முன் ஒரு தொங்கல் விடுங்கள், சொட்டு அங்கேயே விழும், சாக்கெட்டுக்குப் போகாது.

அதுவும் இல்லையென்றால் துடைத்துக் காயவைத்து, சுற்றிலும் செய்தித்தாளைப் பரப்பி, எந்த மூலை முதலில் நனைகிறது என்று பாருங்கள். நீர்மட்டம் தானாகக் குறைந்து ஓர் இடத்தில் நின்றுவிட்டால் ஓட்டை அந்த உயரத்தில்தான். பழைய சிலிக்கான்மேல் புதுசு ஒட்டாது, அந்த ஓரம் முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பூச வேண்டும். பூஞ்சைத் தடுப்பு கலந்த குளியலறை சிலிக்கான் மீனைக் கொல்லும். பூசியபின் வினிகர் வாடை முழுக்கப் போகும்வரை, குறைந்தது 48 மணி நேரம், தண்ணீர் விடாதீர்கள். இரண்டு கண்ணாடிகளுக்கு இடையில் உள்ள மடிப்பிலேயே குமிழ்கள் பரவுகின்றன என்றால் நீங்கள் கை வைக்க வேண்டாம், தொட்டி செய்பவரிடம் கொடுங்கள். 54 லிட்டர் என்பது 54 கிலோ.

ஒரு மீனைக் காணவில்லை

தீனி போடும்போது எண்ணும் பழக்கம் இருந்தால்தான் இது தெரியும். முதலில் தரையைப் பாருங்கள், தொட்டிக்குப் பின்னாலும். மூடியில்லாத தொட்டியிலிருந்து குதிக்கும் மீன் சும்மா குதிப்பதில்லை, அமோனியாவைச் சோதியுங்கள். தரையில் இல்லையென்றால் பெரும்பாலும் இரவில் செத்து, காலைக்குள் நத்தைகளும் தோழர்களும் முடித்துவிட்டிருப்பார்கள். சிறிய டெட்ராவுக்கு ஓர் இரவு போதும். மரக்கட்டையைத் தூக்கிப் பாருங்கள், மிச்சம் அழுகினால் அமோனியா.

கடைசியாகப் பில்டர் பெட்டியைத் திறங்கள். ஒருமுறை நான் தேடிப்போன நியான் டெட்ரா அங்கே இல்லை. உள்ளே, ஸ்பாஞ்சுக்கும் சுவருக்கும் இடையில், உறிஞ்சப்பட்டுப் போய்ச் சேர்ந்த மூன்று கப்பிக் குஞ்சுகள், வெளியே வளர்ந்தவற்றைவிடக் கொழுத்து, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.